நார்வே பாடமும் தங்கையின் கையெழுத்தும்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், கடலூர்ப் பக்கம் ஒரு பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நடந்தது இது. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஜனநாயகம், சமத்துவம் என்று ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

அப்பா போன பிறகு, கடலூர் வீட்டை நானும் தம்பியும் இரண்டாகப் பிரித்துக்கொள்வதாக முடிவு. பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை, தனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தால் கையெழுத்து வந்துவிடும். நானும் அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்திருந்தேன். தேதியைச் சொல்லி, ஆதார் கார்டை எடுத்து வா என்று போனில் சொன்னதோடு சரி. வேறு எதுவும் பேசத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் கூட்டமான கூட்டம். எங்கள் டோக்கன் வர நேரமாகும் என்று தம்பி டீ வாங்கப் போனான். மறுநாள் வகுப்புக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தங்கை வாங்கிப் படித்தாள். ஸ்வீடனோடு சேர்ந்திருந்த நார்வே, 1905-ல் போர் இல்லாமல் பிரிந்த கதை. பிரியலாமா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. எங்களுக்கும் சம்மதம் என்று ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டி, லட்சக்கணக்கில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த இடத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு, 'இதை அழுத்திச் சொல்ல வேண்டும்' என்று வேறு எழுதியிருந்தேன்.

தங்கை அந்தப் பக்கத்தைத் திரும்பவும் படித்தாள். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"ஏண்ணா, அந்த ஊரு பொம்பளைங்க கையெழுத்த இவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்க. எனக்கு இதுல சம்மதமான்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவமானமாக இருந்தது. சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு என்ற சட்டத்தையும் வருடா வருடம் நான்தான் நடத்துகிறேன். குறிப்பை வாங்கி மடித்து வைத்துவிட்டு, உனக்கு என்னம்மா வேணும் என்று கேட்டேன்.

"எம் பங்கு எனக்கு வேணும்ணா. நாளைக்குப் புகுந்த வீட்டுல எனக்கு ஒண்ணுன்னா, வந்து நிக்க எம் பேர்ல ஒரு வாசப்படி இருக்கணும்."

டீயோடு வந்த தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. இதை முன்னாடியே சொல்வதற்கென்ன என்று முறைத்தான். நாம கேட்டிருந்தா சொல்லியிருப்பா என்றேன். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நாங்கள் உள்ளே போகவில்லை.

இரண்டு மாதம் தம்பி என்னோடு பேசவில்லை. பிறகு அவனே போன் செய்து, மூணா எழுதிடலாம் என்றான். பத்திரம் பதிந்த அன்றைக்குத் தங்கை அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

நார்வே பாடம் வருடந்தோறும் வருகிறது. சிவப்புக் கோடு போட்ட இடம் வந்ததும், கடல் தாண்டி இருந்த பெண்களுக்காக அத்தனை சத்தமாகப் பேசியவன், கூடப் பிறந்தவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லையே என்ற நினைப்பில் என் குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.