பாலையடிக் கம்பி

வெருகலுக்குப் போகும் வழியில் எங்களுக்கு ஒரு காட்டுக் காணி இருக்கிறது. விடுமுறை நாட்களில் ஜீப் ஓட்டி விளையாட வருகிறவர்கள் அதற்குள் புகுந்து மரக்கன்றுகளை மிதித்துவிட்டுப் போகிறார்கள். முந்தாநாள் மகன் ஒரு கம்பிச் சுருளோடு வந்து நின்றான்.

"பாதைக்குக் குறுக்கால இழுத்துக் கட்டினால் சரியம்மா."

நான் போட்ட சத்தத்தில் அவன் திகைத்துவிட்டான்.

என் சின்ன வயதில் அப்பாவும் அங்கே கம்பி கட்டினார். அப்போது உழவு இயந்திரங்களில் வந்து முதிரை மரங்களைக் களவாக வெட்டி ஏற்றினார்கள். அப்பா வழியை மறித்துப் படலை போட்டார், பிடுங்கி எறிந்தார்கள். கடைசியில், காட்டு வாசலில் நிற்கும் பாலை மரத்துக்குச் சற்று உள்ளே, மெல்லிய கம்பி ஒன்றைப் பாதைக்குக் குறுக்கே முறுக்கிக் கட்டினார்.

"தெரியாமல் ஆரும் வந்தால்?" என்று அம்மா கேட்டார்.

"எங்கட ஆக்கள் பாலையடியில இறங்கிக் குழை போடாமல் உள்ளுக்குப் போகமாட்டினம். நிக்காமல் போறவன் கள்ளன்தான்."

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பை முறித்துக் குழையாக மரத்தில் செருகி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அப்பா அதையே காவலாக நம்பினார்.

மறுநாள், அம்மாவின் தம்பி இரவல் மோட்டார் சைக்கிளில், காணியில் நின்ற அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனார். என்னை முன்னால் பெற்றோல் டாங்கியில் இருத்தியிருந்தார். பாலை மரம் தெரிந்ததும் நான் கத்தினேன்.

"மாமா, குழை!"

"வரேக்க போடுவமடி. நிப்பாட்டினால் இந்தச் சனியன் திரும்ப ஸ்டார்ட் வராது."

"பிள்ளையார் கோவிப்பார்!"

"அவருக்கு என்னை விட்டால் வேற ஆள் இல்லையோ?"

நான் அழத் தொடங்கினேன். மாமா திட்டிக்கொண்டே நிறுத்தினார். குழை போட்டோம். அவர் சொன்னபடியே வண்டி உயிர் பெறவில்லை. என்னைத் திட்டியபடி அதை உருட்டிக்கொண்டு உள்ளே நடந்தவர், திடீரென்று வாயை மூடினார். அவருடைய நெஞ்சுக்கு நேரே கம்பி வெயிலில் மினுங்கியது.

மாமா திட்டிய சத்தம் கேட்டு அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

அன்றைக்கே அவர் கம்பியை அறுத்தார். மிச்சமிருந்த முதிரைகளும் போயின. அப்பா கள்ளருக்குப் பயந்துவிட்டார் என்று நான் வெகுகாலம் வெட்கப்பட்டேன்.

அறுப்பதற்கு முன் அவர் என்னைத் தூக்கி மீண்டும் அந்த டாங்கியில் இருத்தி, வண்டியைக் கம்பி வரைக்கும் மெதுவாக உருட்டினார். கம்பி வந்து நின்ற இடத்தில், என் கழுத்தில், உள்ளங்கையை வைத்தார். அம்மா அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையப்பா," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.