கோல்கீப்பர் இடம் ஒன்று, வாக்கு இரண்டு

வெள்ளிக்கிழமை மதியம் ஆஹென் நிலையத்தில் ரயில் ஏறினேன். அந்த ஊரில் என் மகன் கார்த்திக் பொறியியல் படிக்கிறான். அவனைப் பார்க்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தேன். வந்த இடத்தில் சும்மா இருக்க விட்டானா? "அம்மா, ஹம்னு ஒரு ஊர்ல தெரிஞ்ச ஃபேமிலி ஒண்ணு இருக்கு. பொண்ணு ஃபுட்பால் கோல்கீப்பர். அமெரிக்கால ஒரு காலேஜ் டீம்ல கூப்பிடுறாங்களாம். நாளைக்கு லைப்சிக்ல செலக்‌ஷன். நீ கூட போய்ப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றான். நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநர். பந்து என்று யாராவது சொன்னால் போதும், செருப்பைத் தேடுகிற ஜென்மம்.

ஆஹெனிலிருந்து ஹம் வரை ஒரே ரயில்; கொலோன், டோர்ட்முண்ட் வழியாக ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஜெர்மனியில் ரயில் நொடி பிசகாது என்று நம்மூரில் அடித்துச் சொல்கிறவர்களை இந்த வண்டியில் ஒருமுறை ஏற்றிவிட வேண்டும். டோர்ட்முண்டுக்கு முன்னால் வயல்வெளியில் நிறுத்தியவர்கள் அரை மணி நேரம் நிறுத்தினார்கள். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை, திட்டவில்லை. எனக்குத்தான் வாய் நமநமவென்றது.

ஹம் நிலையத்தில் குணம் அண்ணன் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் யாழ்ப்பாணத்துக்காரர். கம்பி ஆலையில் வேலை. அவர் மனைவி வசந்தி முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறார். மகள் ஆரணிக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது. வீட்டுக் கதவைத் திறந்தபோது மேல்நிலையைத் தலையால் தொட்டுவிடுவாளோ என்ற உயரம். கைகளைப் பார்த்தேன். அடேயப்பா, அது கையா, முறமா!

இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு வசந்தி எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினார். பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு ஜெர்மன் கிழவர். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

"அக்கா, இது ஒருத்தருக்கும் தெரியாது. கனடாவில இருக்கிற என்ர சொந்தத் தங்கச்சிக்கும் சொல்லேல்லை. விஷயம் சரிவரமுந்தி வெளிய கதைச்சா நாவூறு பட்டிடும். கோயில்ல அர்ச்சனை செய்யேக்கையும் பேரும் நட்சத்திரமும்தான் சொன்னனான். எதுக்கெண்டு ஐயருக்கே தெரியாது."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தக் கல்லூரியின் துணைப் பயிற்றுநர் ஆரணியின் ஆட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு மாசி மாதம் திரையில் தோன்றிப் பேசியிருக்கிறார். வரும் ஆண்டுக்கு ஒரே ஒரு கோல்கீப்பர் இடம், அது உனக்குத்தான், முழு உதவித்தொகை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். லைப்சிக்கில் நேரில் ஆடிவிட்டு அன்றே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, மற்றக் கல்லூரிகள் மோப்பம் பிடித்துவிடும் என்றும் சொல்லியிருக்கிறார். வசந்திக்கு அந்த மனிதர் மேல் பக்தியே வந்துவிட்டது. வெள்ளைக்காரனுக்கும் நாவூறு, நம்மூர்க் கண்ணேறு, தெரிந்திருக்கிறதே!

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆரணிக்கு ஊரிலேயே இயன்முறை மருத்துவப் பள்ளியில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சிக்கான இடம், கிடைத்திருக்கிறது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவுக்குப் போவதென்றால் அதை விட வேண்டும். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிப்பதா என்பதுதான் அந்த வீட்டில் இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் காரில் கிளம்பினோம். லைப்சிக் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் கழிப்பறைக்கு ஒரு யூரோ, காப்பி மூன்று யூரோ எண்பது. நம்மூர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துப் புலம்பும் பழக்கத்தை முதல் வாரமே விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, முன்பு இரண்டு ஜெர்மனிகளுக்கும் எல்லையாக இருந்த இடம் வந்தது. பழைய சோதனைச் சாவடியின் கூரைகள் இன்னும் நிற்கின்றன. குணம் அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

"ரீச்சர், நான் கிழக்கு பெர்லினில வந்து இறங்கினனான். ஏஜென்சிக்காரன் கனடா எண்டுதான் சொன்னவன். 'ஒருத்தருக்கும் சொல்லாத தம்பி, சொன்னா காரியம் கெட்டிடும்' எண்டவன். எங்களோட வந்த பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியா அதைத்தான் சொல்லியிருக்கிறான்."

"இப்ப ஏன் அந்தக் கதை?" என்றார் வசந்தி.

"சும்மா, ரோட்டைப் பாத்தோடன ஞாபகம் வந்தது."

பின்னிருக்கையில் என் பக்கத்திலிருந்த ஆரணி காதில் பாட்டு மாட்டியிருந்தாள். ஆனால் பாட்டு ஓடவில்லை. அவள் தந்தையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

லைப்சிக் பழைய ஊர். தரங்கம்பாடிப் பக்கத்துத் தமிழ்த் திருச்சபைகளுக்கும் இதற்கும் நெடுநாள் தொடர்பு உண்டு என்று என் கிறிஸ்தவத் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு தேவாலயத்தையும் நான் பார்க்கவில்லை. ஊர் விளிம்பில் பச்சைப் பசேலென்று இரண்டு மைதானங்கள், ஒரு டிராம் நிறுத்தம், நாலு யூரோவுக்கு ரொட்டியில் செருகிய சுட்ட இறைச்சிக் குழல், அவ்வளவுதான் நான் கண்ட லைப்சிக். ஜெர்மனியின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். கையில் குறிப்புப் பலகையோடு ஏழெட்டு அமெரிக்கர்கள் கோட்டோரம் நின்றார்கள். அவர்கள் பெண்களைப் பார்த்த பார்வையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

ஆரணி அருமையாக ஆடினாள். ஒற்றைக்கு ஒற்றை வந்த பந்து மூன்றையும் தடுத்தாள். ஒன்றைக் கம்பத்தோரம் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டபோது நான் என்னை மறந்து விசிலடித்துவிட்டேன். இன்னொரு கோல்கீப்பர் லேனா, மாநில அணியில் ஆரணியோடு ஆடியவள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

இடைவேளையில் வசந்தி பையைத் திறந்தார். நாற்பது மட்டன் ரோல்ஸ். யாழ்ப்பாணத்துப் பெண் நாலு பேருக்குச் சமைக்க மாட்டாள் போலிருக்கிறது. பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்த லேனாவின் அம்மாவுக்கு இரண்டைக் கொடுத்தார். அந்த அம்மாள் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு ஜெர்மனில் என்னவோ சொல்லிச் சிரித்தார். வசந்தியின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. என்னவென்று குணம் அண்ணனைக் கேட்டேன்.

"ஆவணியில லேனாவும் அமெரிக்கா போறாளாம், அங்க இப்பிடிச் சாப்பாடு கிடைக்குமோ எண்டு கேக்கிறா. அதே கொலிச், ரீச்சர். அதே ஆள். 'ஒரே இடம், உனக்குத்தான், ஒருத்தருக்கும் சொல்லாத' எண்டவராம். அவள் வங்கியில கிடைச்ச அவுஸ்பில்டுங்கைப் போன மாசமே வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டாளாம்."

வசந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். "அக்கா, வாயைத் திறக்காதேங்கோ. எங்கட பிள்ளைதானே வடிவா விளையாடினவள். இண்டைக்குப் பின்னேரம் கையெழுத்து. அதுவரைக்கும் பேசாம இருப்பம்." அவர் கெட்டவர் இல்லை. தாய். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் மேல் வரவில்லை.

தண்ணீர் குடிக்க வந்த மகளிடம் குணம் அண்ணன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆரணி போத்தலை மூடினாள். அம்மா கூப்பிடக் கூப்பிட நேரே லேனாவிடம் போனாள். பிறகு இருவரும் சேர்ந்து, கோட்டோரம் நின்ற அமெரிக்கர்களில் ஒருவரான அந்தத் துணைப் பயிற்றுநரிடம் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்ததால் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"எங்களில் யாருக்கு அந்த இடம்?" என்று கேட்டாள் ஆரணி.

அவர் கூச்சப்படவே இல்லை. நல்ல பல்வரிசையோடு சிரித்தார். எல்லாக் கல்லூரிகளும் செய்வதுதானாம். ஒரு பெண் கடைசி நேரத்தில் மனம் மாறினால் அணி என்ன செய்யும்? வாய்வார்த்தை யாரையும் கட்டாது, அவர்களையும் கட்டாது. இன்று யார் முதலில் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்களுக்கு இடம்.

"முழு உதவித்தொகை எத்தனை வருஷத்துக்கு?" என்று நான் நுழைந்தேன்.

நான் யார் என்று அவர் கேட்கவில்லை. "ஒரு வருஷம். பிறகு ஆட்டத்தைப் பார்த்து."

"அடப்பாவி!" என்றேன் தமிழில். நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இதே விளையாட்டைப் பார்த்தவள் நான். பக்கத்துக் கல்லூரியில் முழங்கால் ஜவ்வு கிழிந்த பெண்ணை ஆண்டு பாதியில் விடுதியை விட்டு அனுப்பினார்கள். அங்கே வேட்டி, இங்கே தொப்பி, வேறு வித்தியாசம் தெரியவில்லை.

லேனா அழ ஆரம்பித்தாள். ஆரணி அவளிடம் ஜெர்மனில் மெதுவாக ஏதோ கேட்டாள்; 'பாங்க்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. லேனா இல்லையென்று தலையை ஆட்டினாள். ஆரணி பயிற்றுநர் பக்கம் திரும்பி, "எனக்கு வேண்டாம். அவளுக்குத் திரும்பிப் போக இடமில்லை" என்றாள். லேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் நீட்டிய தொடுதிரைப் பலகையில் விரலால் கையெழுத்துப் போட்டாள். வாக்கை நம்பி முதலில் கையிலிருந்ததை விட்டவள் அவள்தான். போவதைத் தவிர அவளுக்கு வழி இல்லை.

திரும்பும் வழியில் சாப்பாட்டுப் பையை யாரும் திறக்கவில்லை. ரோல்ஸ் முக்கால்வாசி அப்படியே இருந்தது. பழைய எல்லைச் சாவடியைக் கடந்ததும் வசந்தி கைபேசியை எடுத்து, கனடாத் தங்கச்சியைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியில் போட்டார். மாசி மாதத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். "எழுதி வை. உன்ர பெட்டையும் பந்தடிக்கிறாள்தானே? ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு எவனாவது சொன்னா, முதல் வேலையா ஊருக்கெல்லாம் சொல்லு!" பிறகு லண்டன் மச்சாள், பிறகு கோயில் மகளிர் குழு. அந்தக் கல்லூரியின் பெயர் ஹனோவர் வருவதற்குள் நாலு நாடுகளுக்குப் போய்விட்டது. குணம் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஐந்தாவது அழைப்பில் ஆரணி முன்னால் குனிந்து தாயின் தோளைத் தொட்டாள்.

"அம்மா, லேனாவின்ர பேரைச் சொல்லாதேங்கோ. போற பிள்ளை. நாவூறு பட்டிடும்."

வசந்தி அழைப்பைத் துண்டித்தார். கைபேசியைப் பைக்குள் போட்டார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அவள் எப்ப பிறந்தவள், எத்தனை மணிக்கு எண்டு தாய்க்காரியிட்டக் கேட்டுச் சொல்லு. வெள்ளிக்கிழமை ஐயருக்குப் பேரும் நட்சத்திரமும் சொல்லோணும்."