மேற்குச் சுவர் ஓட்டை

சித்திரை பத்தாம் தேதி கனகலட்சுமி வீட்டில் ஏசி மாட்ட பெலிக்ஸ் வந்தான். வந்த வேகத்தில் மேற்குச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டான். "பைப்பு போறதுக்குக்கா. ஸ்டாண்டு எடுத்துக்கிட்டு நாளைக்கு வாரேன்" என்று பாதி டீயை வைத்துவிட்டு பைக்கில் ஏறிப் போனான்.

கோடையில் ஏசி மாட்டுகிறவனை நாலு தெருவும் கூப்பிடும். ஓட்டையைப் போட்டுவிட்டால் வீட்டுக்காரர் வேறெங்கும் போக மாட்டார் என்பது பெலிக்ஸின் கணக்கு. பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரிதான். இந்த சூட்சுமம் கனகலட்சுமிக்கு அன்றைக்குத் தெரியாது.

அவள் கணவர் பாண்டிதுரை முப்பது வருஷம் மில்லில் பஞ்சு பிரித்தவர். இப்போது நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது. தூசி அண்டாத, குளிர்ந்த அறையில் வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ராணுவத்தில் இருக்கும் மகன் மாரீஸ்வரன் ராஜஸ்தானிலிருந்தே போனில் ஏசியை வாங்கி அனுப்பினான். அந்த அட்டைப்பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அதன் மேல்தான் மாத்திரையும் தண்ணீர்ச் செம்பும்.

"ஏட்டி, மில்லுல நூல் அறுந்துறக் கூடாதுன்னு குளுகுளுன்னு காத்து விடுவான். நமக்கு எவன் விடுதான்?" என்று பாண்டிதுரை சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

மேற்கே அடுத்த கட்டடம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம். குளிர்ச்சிக்கு என்று போட்ட ஓட்டை வழியாக அனலும் பஞ்சுத் தூசியும் வந்தன. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கனகலட்சுமி பழைய சேலையைக் கிழித்து ஓட்டையில் திணித்தாள்.

காலையில் போன் போட்டால் பெலிக்ஸ் எடுப்பான். "இன்னைக்கு வந்துருவேன்க்கா. எல்லாத்தையும் ஒதுக்கி ரெடியா வைங்க. வந்தா நிக்க நேரமில்ல." இடம் ஒதுங்கவில்லை என்று திரும்பிப் போய்விடுவானோ என்ற பயத்தில் அவள் துணியை உருவி வைப்பாள். பொழுது சாய்ந்ததும் மறுபடி திணிப்பாள். கோபமாக ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். கேட்டால் அவன் வராமலே போய்விட்டால்? கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடவும் மனசு வரவில்லை. நாளைக்கு வருகிறவனுக்காக இன்றைக்கு அடைப்பானேன்?

பத்து நாள் பொறுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஹபீப் ரகுமானை வரவழைத்தாள். அவர் ஓட்டையைப் பார்த்ததும் பையைக்கூடத் திறக்கவில்லை.

"வேற ஒருத்தர் கை வச்ச வேலைல நான் கை வைக்க மாட்டேன்மா. பொறவு தொழில்ல மொகத்துல முழிக்க ஏலாது."

"அவிய மூச்சு விட முடியாமக் கெடக்காகண்ணே."

"அவரயே இன்னொரு தடவ கூப்பிட்டுப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

வைகாசி மூன்றாம் தேதி மத்தியானம், துணி உருவிக் கிடந்த நேரத்தில், பாண்டிதுரைக்கு இழுப்பு வந்தது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்தது. பதினெட்டு வருஷம் பேண்டேஜ் மடித்தவள் கனகலட்சுமி. அந்தத் தூசி என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாததா? என் கையால்தானே துணியை உருவினேன் என்று நினைத்தாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஊரே அழுதது, அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

ஒன்பதாம் நாள் பெலிக்ஸ் ஸ்டாண்டும் பைப்புமாக வந்தான். மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"தெரியாமப் போச்சேக்கா..."

"மிசின் வேண்டாம்யா. அந்த ஓட்டைய மட்டும் அடைச்சிட்டுப் போ."

அவன் தோள்பையில் கைவிட்டுத் துழாவினான். "சிமெண்டு கொண்டாரலக்கா. நாளைக்கு வாரேன்."

மறுநாள் காலை பாலை வாங்கி வைத்துவிட்டு உள்ளே வந்தவளின் கை, பழக்கத்தில் ஓட்டைத் துணியை உருவியது. உருவிய பிறகுதான் காலிக் கட்டில் கண்ணில் பட்டது. துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அன்றைக்கு வராத அழுகையை எல்லாம் அழுதாள்.