பிரிஸ்கில்லா பிடித்த மின்னல்

பிரிஸ்கில்லாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு கருவடிக்குப்பத்தில். தட்டாஞ்சாவடியில் குழாய் வால்வு செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சித்திரை, வைகாசியில் மட்டும் அவர் வேறு ஆள். மேற்கே மேகம் கறுத்துக் கட்டினால், வேலை முடிந்ததும் அவர் ஸ்கூட்டர் வீட்டுக்குப் போகாது. வில்லியனூர் தாண்டித் திருக்கனூர்ப் பக்கம் ஓடும். கோடை இடியைத் தேடிப் போய்ப் படம் எடுப்பதைப் பதினோரு வருடமாகச் செய்துவருகிறார். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவார். பத்து எண்ணுவதற்குள் இடித்துவிட்டால், எப்பேர்ப்பட்ட காட்சியானாலும் கூரைக்குக் கீழே போய்விடுவார்.

போன வைகாசியில் அப்படி ஒதுங்கியது திருக்கனூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி கோவிந்தராசுவின் கான்கிரீட் மோட்டார் கொட்டகையில். தானாகவே தொடர்ந்து படம் எடுக்கும்படி கேமராவைக் கதவோரம் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு உள்ளே நின்றிருந்தபோது, கரும்பு வயலின் வரப்பில் நின்ற பனைமரத்தில் மின்னல் இறங்கியது. கொஞ்ச நேரம் அவருக்குக் காதே கேட்கவில்லை. மழை குறைந்ததும் கோவிந்தராசு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஆள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஓடிவந்தார். படத்தில் மரத்தின் உச்சியில் நெருப்பு பிடித்திருந்தது. கரும்புத் தோகை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெள்ளையாகத் தெரிந்தது.

நகரத்தில் ஒரு புகைப்படச் சங்கம் நடத்திய போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். போட்டிப் படங்களை வைத்த கண்காட்சியின் இரண்டாம் நாள் பரிசுச் சீட்டைக் கிழித்துவிட்டு, படத்தின் கீழே ஒரு காகிதம் ஒட்டினார்கள்: ‘கணினியால் உருவாக்கப்பட்டது. போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது.’ அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்காட்சிக்குப் போயிருந்த சக ஊழியர் சொல்லித்தான் தெரியும்.

அசல் கோப்போடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனார். நடுவர் பிரேம்குமார் அதைத் திறக்கவே விடவில்லை. இடி விழுகிற இடத்தில் ஒரு லேடி தனியாக நின்று எடுத்ததாகச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்.

“நம்ப வேணாம் சார். பாருங்க. அதத்தான் கேக்கறேன்” என்றார் பிரிஸ்கில்லா.

அவர் பார்க்கவில்லை.

மனம் பொறுக்காமல் பிரிஸ்கில்லா கோவிந்தராசுவிடம் போனில் சொன்னார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கிவிட்டார். நேரே படத்தின் முன்னால் போய் நின்று, பிரேம்குமாரைக் கூப்பிட்டார்.

“இது என் மரம் சார். என் வரப்புல நின்னுது. கம்ப்யூட்டர்ல மொளச்சுதுன்னு எழுதி வச்சிருக்கீங்களே, வாங்க, மொட்டையா நிக்குது, வந்து தொட்டுப் பாருங்க.”

கூட்டம் கூடிவிட்டது. சங்கச் செயலாளர் வேறு வழியில்லாமல், பிரிஸ்கில்லா மறுபடி கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்தார். அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நாற்பத்தாறு படங்களும் வரிசையாக இருந்தன. லென்சில் மழைத்துளி ஏற ஏற, படம் மங்கிக்கொண்டே போனது. எல்லாம் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காகிதத்தை எடுத்துவிடுகிறோம், இதோடு விட்டுவிடுங்கள் என்றார் செயலாளர். பிரிஸ்கில்லா ஒப்புக்கொள்ளவில்லை. பொய்க்காரி என்று ஊரறிய எழுதி ஒட்டியவர்கள், தப்பு தங்களுடையது என்றும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும் என்றார். வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோவிந்தராசுவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மதியம் ஒரு காகிதம் வந்தது. ‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கியது. திருப்பி அனுப்பினார். அடுத்ததில் அவர் பெயரே தப்பு. அதையும் திருப்பினார். மூன்று மணிக்கு வந்த மூன்றாவதில்தான், சரிபார்க்காமல் நீக்கியது நடுவரின் தவறு என்று இருந்தது. அதை ஒட்டுவதை நின்று பார்த்த பிறகுதான் கிளம்பினார். சாப்பிடப் போன பிரேம்குமார் திரும்பி வரவேயில்லை. முதல் பரிசை ஒரு கடற்கரைச் சூரியோதயப் படத்துக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள். அது அங்கேயே இருந்துவிட்டது.

ஜெயித்துவிட்டீர்களே என்று தொழிற்சாலையில் யாராவது சொன்னால் இன்றும் அவர் முகம் சிவந்துவிடும்.

“பரிசு போனா போவுது. பதினோரு வருசமா இடி பின்னால அலஞ்சு நான் எடுத்த படத்த அஞ்சு நிமிசம் பாக்கறதுக்கு ஒரு ஆம்பள வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்துது. அதத்தான் என்னால மன்னிக்க முடியல.”