ஹார்டு டிஸ்குக்குச் சந்தனப் பொட்டு

எந்த ஹார்டு டிஸ்க் என் கைக்கு வந்தாலும் அழியாத மார்க்கரால் அதன் தகரத்தின் மேலேயே பெயரை எழுதிவிடுவேன். ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் அழகாக இருக்குமே என்று ஆபீசில் சொல்வார்கள். ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்பில் போன நம்பிக்கை அது.

அப்போது அப்பாவின் ஒரே தங்கையான என் அத்தை, விராலிமலையில் கோயிலுக்குப் போகும் தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். தகரக் கூரைமேல் மயில் நடந்தால் உள்ளே நாங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஆனால் ஹார்டு டிஸ்க் மூன்று. ஒன்றில் விண்டோஸ் 98, ஒன்றில் எக்ஸ்பி, ஒன்றில் 7. கல்யாணப் பத்திரிகை என்று யாராவது வந்தால் 98-க்கு ஒயரை மாட்டுவாள். அவளிடம் இருந்த பழைய தமிழ் எழுத்து சாஃப்ட்வேர் வேறு எதிலும் ஓடாது. ஸ்கேன் பண்ண எக்ஸ்பி, ஏனென்றால் அந்தக் கிழட்டு ஸ்கேனர் அதற்குமேல் எதையும் மதிக்காது. பரீட்சை ரிசல்ட்டுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் 7. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்டுவாள்.

"ஒண்ணு படுத்தாலும் மத்த ரெண்டும் நிக்கணும்ல" என்பாள்.

மூன்றும் ஒரே அளவு, ஒரே நிறம். மேலே ஒட்டிய வெள்ளைத்தாளில் அத்தை பேனாவால் எழுதியிருந்ததை வைத்துத்தான் எது எது என்று தெரியும்.

மூன்றில் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது 98தான். பஸ் ஸ்டாண்டு அச்சகத்துக்காரர் முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலை முழுவதையும் அத்தையிடம் கொடுத்துவிடுவார். அந்த எழுத்தில் இருந்தால்தான் பத்திரிகை பத்திரிகை மாதிரி இருக்கும் என்று சுற்றுவட்டாரத்தில் ஓர் எண்ணம். அந்த வேலையைக் காட்டித்தான் அத்தை தன் கல்யாணப் பேச்சைத் தள்ளிக்கொண்டே வந்தாள். மணமேல்குடியிலிருந்து இரண்டு முறை பெண் கேட்டிருந்தார்கள். அச்சக வேலை வருகிறவரை கடை நடக்கட்டும், அது நின்றால் கடையை மூடிவிட்டு அந்தச் சம்பந்தத்தையே முடித்துவிடுவோம் என்று அப்பா சொல்லியிருந்தார். இதெல்லாம் சாப்பிடும்போது என் தலைக்கு மேலே நடந்த பேச்சு. நான் அப்பளத்தில் கவனமாக இருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலையில் அத்தை மூன்று டிஸ்கையும் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"காஞ்ச துணியால தொடச்சுப் பொட்டு வையி. தண்ணி மட்டும் பட்டுறக் கூடாது" என்று சொல்லிவிட்டு வாழைக்கன்று வாங்கப் போனாள்.

துடைத்தேன். டிஸ்க் பளபளத்தது, மேலே இருந்த தாள்கள் மட்டும் ஓரம் பழுத்து அழுக்காகத் தெரிந்தன. புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கரை எடுக்க அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். தண்ணீர்தானே படக் கூடாது. கோலப்பொடிக்குப் பக்கத்தில் விளக்குக்கான எண்ணெய் இருந்தது. மூன்று தாளும் நோகாமல் உரிந்து வந்தன. மூன்றையும் வரிசையாக வைத்து அழகு பார்த்தபோதுதான், இனி எது எது என்று தெரியாது என்பது உறைத்தது.

மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. பூஜைக்குத் துடைத்த மெஷினை விஜயதசமிக்கு முன்னால் போடக் கூடாது. வெள்ளைத்தாளை வெட்டி, அத்தையின் எழுத்தைப் போலவே 98, எக்ஸ்பி, 7 என்று எழுதி, தோன்றிய வரிசையில் ஒட்டினேன். மேலே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, பொட்டு பெரிதாக இருக்கிறது என்று சிரித்தாள்.

மறுநாள் விஜயதசமி. 7 கொஞ்ச நாளாகத் திணறிக்கொண்டிருந்ததால், நல்ல நாளில் அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று அத்தை முன்பே நினைத்திருந்தாள். "7" என்று நான் ஒட்டியிருந்ததை மாட்டி, சிடியைப் போட்டாள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வாய் நிறையப் பொரி இருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பயம்தான்.

மத்தியானம் அச்சகத்துக்காரர் ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகையோடு வந்தார். அத்தை "98" ஒயரை மாட்டினாள். பழைய 7 திணறித் திணறி எழுந்தது. அவள் அதைக் கழற்றினாள். எக்ஸ்பியை மாட்டினாள். அது மட்டும் எக்ஸ்பியாகவே இருந்தது. அப்படியானால் காலையில் அழிந்தது 98. அந்த டிஸ்கை எடுத்து, தாளின் ஓரத்தில் விரலால் தேய்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பழைய 7 இருந்த டிஸ்கில் 98-ஐ மறுபடி ஏற்றினாள். 98 வந்தது. எழுத்து வரவில்லை. அந்த சாஃப்ட்வேர் இருந்த ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. அச்சகத்துக்காரர் இரண்டு நாள் பொறுத்தார். "எழுத்து கெடச்சா சொல்லி விடுங்கத்தா, வாரேன்" என்று பொறுமையாகவே சொல்லிவிட்டு வேலையைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அப்புறம் வரவில்லை.

அப்பா கேட்டார். "என்னத்தா, எழுத்தெல்லாம் எங்கிட்டுப் போச்சு?"

"நாந்தாண்ணே. எதுன்னு பாக்காம அழிச்சுப்புட்டேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தையில் அத்தைக்குக் கல்யாணம். மணமேல்குடி. எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை கிடைத்தது. பத்திரிகை திருச்சியில் அடித்தது. அதை அத்தை கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். மாமா நல்லவர், அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். போனில் பேசும்போது, என்ன புது விண்டோஸ் வந்திருக்கிறது இப்போது என்று கேட்பாள். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

கல்யாணம் முடிந்து கிளம்புகிற அன்று மூன்று டிஸ்கையும் மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "பத்தரமா வச்சுக்கடி" என்றாள். இரண்டில் புதுத் தாள் ஒட்டித் தன் கையால் எழுதியிருந்தாள். அழிந்துபோன அந்த ஒன்றில் மட்டும் நான் எழுதிய 7 அப்படியே இருந்தது. அத்தை 7 எழுதினால் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவாள். என்னுடையதில் அந்தக் கோடு இல்லை. இதை நான் கவனித்தது காலேஜ் முடித்த பிறகு.

அன்று கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை அத்தையால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.