ஒரு பிடி தவிட்டுக்கு ஒரு பெயர்

வசம்பு சுடுகிற மணம் வந்தால் எங்கள் வீட்டில் பெயர் தேடுகிறார்கள் என்று கொள்ளலாம். தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் பெயர் வேண்டும்.

"நீதானே எல்லாத்தையும் நிரை நிரையா எழுதிறனி. பத்துப் பேர் எழுதித் தா, அக்கா" என்றாள்.

துறைமுகக் கந்தோரில் வரைபடம் வரைவது என் வேலை. சந்தைச் சாமான் துண்டில்கூடக் கோடு போட்டுத்தான் எழுதுவேன். பெயர்களையும் அப்படியே எழுதினேன். தர்ஷினி, ரோஷினி, ஷாமினி என்று எல்லாம் ஒரே தச்சன் செய்த கதிரைகள் போல இருந்தன.

அப்பாவின் வயதுக்காரர்களின் பெயரைக் கேட்டால், எந்தக் கோயிலுக்கு நேர்ந்து பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். கோணாமலை என்றால் கோணேசர். சித்திரவேல் என்றால் வெருகல். சுதந்திரம் கிடைத்த கையோடு பிறந்த எங்களில் ஈஸ்வரிகள் பெருகினார்கள். வகுப்பில் ஒரு வாங்கு முழுக்க மகேஸ்வரி, யோகேஸ்வரி, புவனேஸ்வரி. ரீச்சர் "ஈஸ்வரி" என்றால் வாங்கே எழும்பும். அதில் நானும் ஒருத்தி. முஸ்லிம்கள் வாழும் கிண்ணியாவிலும் இதே கதைதான்; தாத்தா ஆதம்பாவா என்றால் பேரன் ரிஸ்வான். யார் முதலில் தொடங்குகிறார்கள், மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தங்கச்சிக்கு இரண்டு பெயர். அவளுக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் அம்மா சுளகில் கிடத்தி, வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் பக்கத்து வீட்டுப் பாத்துமுத்து மாமிக்கு விற்றுவிட்டார். விலை ஒரு பிடி தவிடு. பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளரும். ஆனால் மாமியின் பிள்ளை. எங்கள் பிள்ளையைத் தேடி வருகிற சாவு ஏமாந்து போய்விடுமாம். வாங்கியவர்தான் பெயர் வைக்க வேண்டும். மாமிக்கு ஆண் பிள்ளைகள் மட்டும். காலமாகிவிட்ட தன் உம்மாவின் பெயரை வைத்தார்: மரியங்கண்டு. கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவரின் மகளைப் பார்த்து அப்பா பதிந்த நிரஞ்சினி என்ற பெயர், பிறப்புப் பத்திரத்தோடு அலுமாரிக்குள் கிடந்தது. தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கும்வரை அதை ஒருவரும் வாயால் சொல்லக் கூடாது.

வாங்குவதற்குள் மாமியின் குடும்பம் வியாபாரத்துக்காக மூதூருக்குப் போய்விட்டது. அந்த அவசரத்தில் இரண்டு வீடுமே மறந்துவிட்டன. தங்கச்சியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வருஷம் வந்தபோதுதான் அப்பா கேட்டார்: "ரீச்சர் இடாப்பில என்ன பேரைக் கூப்பிடுறது?"

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினார். மடியில் தவிட்டுப் பொட்டலம்.

மாமி அதைப் பார்த்ததும் சிரித்தார். "வித்துப்போட்டு இப்ப வந்து கேக்கிறியா, புள்ள? நான் குடுக்க மாட்டன்."

பகிடிதான். ஆனால் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கச்சியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மாமி சிரிப்பை நிறுத்தினார். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கட உம்மாட பேரக் கூப்பிட எனக்கு வேற ஆரு இருக்கா? நான் மட்டும் அப்பிடியே கூப்பிடுறன். ஓமெண்டு சொல்லு."

பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்கியது வாங்கியதாகுமா என்பது அம்மாவின் பயம். அவர் தங்கச்சியைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார்.

"கூப்பிடுங்கோ, அக்கா. நீங்க கூப்பிட்டா அவளுக்கு ஒண்டும் வராது."

திரும்பி வரும்போது, நடுக் குடாவில், அம்மா முதல் தடவையாக "நிரஞ்சினி" என்றார். தங்கச்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் தோளில் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மாமி ஊருக்கு வரும்போதெல்லாம் வாசல் படலையிலேயே குரல் கேட்கும்: "மரியங்கண்டு!" இவள் எங்கிருந்தாலும் ஓடுவாள். மாமி காலமாகி நாலைந்து வருஷமாகிறது. இப்போது ஆஸ்பத்திரியும் ஊசியும் இருக்கின்றன; பிள்ளையை விற்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. அது நல்லதுதான்.

நேற்றுப் பின்னேரம் தங்கச்சி என் பத்துப் பெயரில் ஷாமினியைத் தெரிந்தெடுத்தாள். பிறகு யன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடித்தாள். மாமி கூப்பிட்ட அந்தப் பெயர் என் வாயில் இன்னும் சரியாக வருகிறதா என்று பார்க்க, மெதுவாகச் சொன்னேன்: "மரியங்கண்டு."

"ஓம் மாமி, வாறன்" என்றாள், திரும்பாமலே.

அவள் கை பாதித் துணியில் நின்றது. இரண்டு பேரும் படலையைப் பார்த்தோம்.