மைக்கில் சொல்லாத எட்டாவது ஆள்

நீங்கள் பொய் சொன்னீர்கள், செயலாளர் அண்ணே. அந்த ஆளை மலைக்குக் கூட்டி வந்தது நீங்கள். அன்றைக்கு இறங்கிய பனி எல்லாருடைய கண்ணையும் ஏமாற்றிவிட்டது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பனி யாரையும் காரில் ஏற்றிக்கொண்டு வராது.

நான் கள்ளக்குறிச்சியில் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு இறக்குவேன். நீங்கள் செயலாளராக இருக்கிற நம் அணிக்குப் பல வருஷமாக நான்தான் கோல்கீப்பர். பொங்கலை ஒட்டி கரியாலூர்ப் பக்கம் நடக்கிற எழுவர் கால்பந்தாட்டத்துக்கு வருஷா வருஷம் போகிறோம். அணிக்கு ஏழு பேர். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்கலாம். யாரை எவ்வளவுக்கு இறக்கினோம் என்பதை, கல்யாணத்தில் மொய் வாசிக்கிற மாதிரி, ஆட்டத்துக்கு முன் மைக்கில் சொல்வார்கள். ஜாஸ்தி கொடுத்த அணிக்குக் கைதட்டல் ஜாஸ்தி. கம்மியாகக் கொடுத்த அணியைக் கூட்டம் கிண்டல் பண்ணும். ஆடுகிறவனுக்கு அது ஒரு காப்பு. ஊரே கேட்ட தொகையை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

இதில் வரம்பு கொண்டுவந்ததும் நீங்கள்தான். என் தங்கை அயர்லாந்தில் நர்ஸ். அவள் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பின் வாசலில் டிக்கெட் கிழிக்கப் போவார். எந்தக் கிளப் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு எவ்வளவு ஒதுக்குகிறது, எது அகலக்கால் வைத்துத் தடுமாறுகிறது, கம்மி சம்பளக் கிளப் எப்படி மேலே வந்தது என்று போனில் வாய் ஓயாமல் சொல்வார். அதை நான் டீக்கடையில் சொல்வேன். நீங்கள்தான் மற்றவர்களைவிட ஆர்வமாகக் கேட்பீர்கள். "பாருடா, அயர்லாந்துலயே பட்ஜெட் போட்டுதான் ஆட்றான். நாம மட்டும் வூட்ட வித்து ஆடணுமா?" என்றீர்கள். மலைக் கமிட்டியிடம் பேசி, அணிக்கு மூன்று வெளியாள், செலவு இன்ன தொகைக்கு மேல் போகக் கூடாது என்று ஒத்துக்கொள்ள வைத்தீர்கள். நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வருஷம் திருக்கோவிலூர் அணியோடு அரையிறுதி. நம் மூன்று வெளியாட்களிலேயே வரம்பு முழுக்கத் தீர்ந்துவிட்டது. பையன்களை ஏற்றிக்கொண்டு நான் உங்கள் கார் பின்னாலேயே வந்தேன். கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுகிற இடத்தில் நிறுத்தினீர்கள். ரோட்டோரம் நின்ற ஒருவன் உங்கள் காரில் ஏறினான். மேலே வந்ததும் நீங்கள் இறங்கினீர்கள். அவன் இறங்கவில்லை. மைக்கில் நம் மூன்று பேரின் பெயரும் தொகையும் வாசித்தபோதும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது பாதியில் பனி இறங்கியது. மத்தியானம்தான், வெயில் போய் ரொம்ப நேரம்கூட ஆகவில்லை. முதலில் எதிர் கோல் மறைந்தது, பிறகு நடுக்கோடு. என் கோல் கம்பமாக நட்டிருந்த தைல மரக் கழிகள் மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தன. ஆட்டம் எங்கோ உள்ளே நடந்தது. பந்தை உதைக்கிற சத்தம் வரும், பந்து வராது. நம் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற குரல் ஒரு சமயம் காதுக்குப் பக்கத்திலும் மறு சமயம் பள்ளத்துக்குக் கீழேயும் கேட்டது.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் நடந்து மைதானத்துக்குள் போனான். நம் மஞ்சள் ஜெர்ஸி, உங்கள் காரில் இருந்தவன். யாருக்குப் பதிலாக என்று கேட்டேன். நிற்காமல் போனான். வெளியே யாரும் வரவும் இல்லை. நம் அணியில் எட்டுப் பேர் ஆகிவிட்டோம். பனிக்குள் ரெஃபரி யாரை எண்ணுவார்?

நன்றாக ஆடினான். நான் வீசிய பந்தை நெஞ்சில் வாங்கி, ஒரே திருப்பில் வெள்ளைக்குள் மறைவான். கொஞ்ச நேரத்தில் கூச்சல். கோல். மைக்கில் நம் வெளியாள் ஒருவன் பெயரைச் சொன்னார்கள். அந்த வெளியாள் அப்போது என் கண் முன்னால் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். தன் பெயரைக் கேட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினான்.

அதன் பிறகு அவர்கள் திருப்பித் தாக்கினார்கள். தடுக்க ஓடிவந்த அந்த எட்டாவது ஆள்மீது அவர்களுடைய ஆள் ஒருவன் முழு வேகத்தில் மோதினான். இவன் தலை என் இடது கழியில் பட்டது. அந்தச் சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் இல்லை, அதைவிடச் சின்னது. கழி ரொம்ப நேரம் ஆடியது. மோதியவன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான், பின்பக்கமாகவே நடந்து பனிக்குள் போய்விட்டான். விசில் அடிக்கவில்லை. நான் கத்தினேன். ஆட்டம் தூரத்தில் நடந்துகொண்டே இருந்தது. யாரும் அவனைத் தேடவில்லை. ஏன் தேடப்போகிறார்கள்? அவன் விழுந்ததும் நம் பக்கம் ஏழு பேர், கணக்கு சரியாகிவிட்டது.

வரப்போரம் வேகவைத்த கிழங்கு விற்கிற அக்கா ஒருவர்தான் ஓடிவந்தார். கோலை அப்படியே விட்டுவிட்டு, அவரும் நானும் அவனைத் தூக்கி என் வண்டியில் முன்சீட்டில் உட்கார வைத்தோம். தன் துண்டை அவன் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"தண்ணி கேட்டா குடுக்காத. பேச்சு குடுத்துக்கினே போ," என்றார்.

பேச்சுக் கொடுத்துக்கொண்டே வண்டியை மலையிலிருந்து இறக்கினேன். அவன் கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். கரும்பு வெட்டுகிற ஆள். மூச்சு விடும்போது மூக்கில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாதி வழியில் கண் திறந்தான்.

"மைக்ல எம் பேரு வர்லியேண்ணா."

"வரும்டா. சொல்லுவாங்க."

"கோல் போட்டன்ல?"

"நீதான் போட்ட. நான் பாத்தேன்."

தன் பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். எனக்குக் கேட்டதா என்று தெரிந்துகொள்ள, இன்னொரு தடவையும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நின்றபோது போன் செய்தீர்கள். பையன்கள் மலையில் மாட்டிக்கிட்டாங்க, வண்டி உடனே வரணும் என்றீர்கள். போனேன். காலையில் திரும்பி வந்தால் அந்தக் கட்டிலில் வேறொரு பெரியவர் படுத்திருந்தார். சொந்தக்காரங்க ரெண்டு பேர் வந்து கூட்டிக்கினு போயிட்டாங்க என்றார்கள். எந்தச் சொந்தக்காரர் என்றால் தெரியாது என்றார்கள். அவன் சொன்ன ஊருக்குப் போனேன். வெட்டு ஆட்கள் தங்கியிருந்த கொட்டகை காலி. அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. வேறு வயலுக்குப் போய்விட்டார்களாம்.

உங்களிடம் வந்தேன். "யாருடா? இன்னா சொல்ற?" என்று கேட்டீர்கள். முகத்தில் ஒரு சின்னச் சுளிப்புகூட இல்லை. திருக்கோவிலூர்க்காரர்களைக் கேட்டேன். அவன் இருந்தான் என்று ஒத்துக்கொண்டால் மோதினவன் என்று ஒருவன் வந்துவிடுவானே, அதனால் அவர்களுக்கும் அவன் இல்லை. நம் பையன்களைக் கேட்டேன். முதல் வாரம் ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு, "எட்டாவதா ஒர்த்தன் இருந்தாப்லதான் இருந்துச்சி" என்றான். அடுத்த வாரம் அவனே, "அது மலைண்ணா. பனில அப்டிதான் ஒன்னு கூட ஆடும்னு சொல்றாங்க" என்றான். ஒவ்வொருவராக அவனை மறந்தார்கள். அவனிடம் பந்து வாங்கியவர்கள், அவனைத் தோளில் தட்டியவர்கள். எந்தப் போட்டோவிலும் அவன் இல்லை.

வண்டியில் அவனுடைய ஷூ கிடந்தது. ஒன்றில் லேஸுக்குப் பதில் சணல் கட்டியிருந்தான். டீக்கடை மேஜையில் வைத்தேன். "ஒன் பழைய ஷூதான?" என்று சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவை பயம் வந்தது. நானே கூட்டி வந்தேனா, நானே ஓட்டிக்கொண்டு இறங்கினேனா, பக்கத்து சீட்டில் யாராவது இருந்தார்களா என்று யோசிக்க ஆரம்பித்தேன். இப்போதும் பனிக்காலத்தில் மலை இறங்கும்போது இடது பக்கத்திலிருந்து அந்த விசில் மூச்சு கேட்கிறது. கண்ணாடி சரியாக மூடாது, அதன் வழியாக வருகிற காற்றுதான். தெரியும். ஆனாலும் வண்டியை ஓரம் கட்டி, காற்று நின்ற பிறகும் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இங்கயும் எவன் பட்ஜெட் ஜாஸ்தி, எவன் கம்மின்னு நாள் பூரா சண்ட போடுவானுங்க மச்சான். ஆனா பேரு பதியாத ஆள எறக்கினா ஆட்டமே போச்சி. ஆடினவன ஆளே இல்லன்னு சொல்லி நான் கேட்டதில்ல" என்றார். பிறகு தயங்கிக் கேட்டார்: "நீ நல்லாப் பாத்தியா?"

அவரும் கேட்டுவிட்டார்.

போன மாதம் லோடு ஏற்றப் போனபோது கிழங்கு விற்கிற அக்காவைத் தேடிப் பிடித்தேன். மலைப்பேய் என்று கீழே பேசிக்கொள்கிறார்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க மலை மேல ஏம்பா போடறீங்க? நீங்க கொண்டாந்த ஆளு, நீங்க கொண்டும் போன ஆளு. எந்துண்டு எங்க? அத மொதல்ல குடு."

அந்தத் துண்டு அவனோடு போய்விட்டது. அண்ணே, பேய்க்கு யாரும் துண்டு கட்டிவிட மாட்டார்கள்.

அவன் பிழைத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி வருவதற்குள் கூட்டிப்போனவர்களை யார் அனுப்பியது என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பொங்கலுக்கு அதே மைதானத்தில் நீங்கள்தான் சிறப்பு விருந்தினர், நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. நான் அந்த ஷூவோடு முன்வரிசையில் இருப்பேன். என்னிடம் தனியாக ஒன்றும் பேச வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். மைக் உங்கள் கைக்கு வந்ததும் மற்றவர்களுக்கு வாசிக்கிற மாதிரி வாசியுங்கள்: அவன் பெயர், அவன் ஊர், பேசிய தொகை, அந்தக் கோல் அவன் போட்டது, இப்போது எங்கே இருக்கிறான். பெயர் எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஊர் கேட்க.